டெமீட்டரின் வழக்கு

அன்புள்ள கோமதி,

இங்கு அனைவரும் நலம். எங்கள் வீட்டில் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. சின்னவன் கிரேக்கத்திலேயே கப்பல் நிறுவன வேலையைத் தொடர்கிறான். செண்பகா வழக்கம்போல் எவருக்கும் எழுதுவதில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவது எல்லாம் உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கான பதில்.

அந்தப் பக்கத்தில் நீ விடுதி மொட்டைமாடி வழக்கை மறுபடியும் தொடங்கியிருக்கிறாய். கிரேக்கக் கடவுளர் பொறாமையும் காமமும் பிடித்த ஓர் அரச குடும்பத்தார் என்றும், மனிதர் படும் துயரத்தின் சுவடுகூட அவர்களிடம் இல்லை என்றும், அதீனா ஒருத்தியைத் தவிர வேறு எவரையும் கைகூப்பத் தோன்றவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த நாளில் நீ அதீனாவுக்காகவும் செண்பகா அப்பல்லோவுக்காகவும் காப்பாளர் அம்மா விளக்கை அணைக்கும் வரை வாதாடினீர்கள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. இப்போது சேர்கிறேன். என் தெய்வம் டெமீட்டர். தானியத்துக்கு அதிபதி என்று நம் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிட்ட அந்தத் தாய்.

டெமீட்டரை அறிய வேண்டுமானால் பழங்கிரேக்கக் கவி ஹோமரின் பெயரில் வழங்கும் டெமீட்டர் துதியைப் படிக்க வேண்டும். அது ஹோமர் இயற்றியதன்று, கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டில் பாடப்பட்டது என்பது அறிஞர் கருத்து. ஐந்நூறு அடிக்குச் சற்றே குறைவான இந்தப் பாட்டு முழுமையாக இன்று நம் கையில் இருப்பதற்கு, 1777இல் மாஸ்கோவில் கண்டெடுக்கப்பட்ட ஒற்றைக் கையெழுத்துப் பிரதியே காரணம். அது தப்பியிராவிட்டால், தன் மகளுக்காக உலகத்தையே பட்டினி போட்ட ஒரு தாயின் வழக்கை அவள் தரப்பிலிருந்து நாம் இவ்வளவு விரிவாகக் கேட்டிருக்க முடியாது.

டெமீட்டரின் மகள் பெர்செபோனி தோழியருடன் புல்வெளியில் பூக்கொய்துகொண்டிருந்தபோது நிலம் பிளந்து பாதாளத்தின் அரசன் ஹேடீஸ் அவளைத் தேரில் தூக்கிச் சென்றான் என்பது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் துதியின் தொடக்க அடிகளிலேயே ஒரு செய்தி இருக்கிறது: அவளை அவனுக்குக் கொடுத்தது அவளைப் பெற்ற தந்தையும் தெய்வங்களின் அரசனுமான ஜீயஸ். பண்டைய ஏதென்ஸில் திருமணம் என்பது பெண்ணின் தந்தையும் மணமகனும் செய்துகொள்ளும் உடன்படிக்கை. பெண்ணையோ அவள் தாயையோ கேட்க வேண்டும் என்ற விதி இல்லை. அந்தச் சட்டத்தின் கண்ணில் ஜீயஸ் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மாப்பிள்ளை அந்நியனும் அல்லன். ஜீயஸுக்கும் டெமீட்டருக்கும் உடன்பிறந்தவன். மூன்றிலொரு பங்கு உலகத்துக்கு அரசன். இத்தனை பொருத்தங்களும் கூடியிருந்த அந்தத் திருமணத்தில் பெண் அலறிய குரலைக் கேட்டவர்கள் குகையிலிருந்த ஹெக்கடி என்ற தேவியும் வானிலிருந்த சூரியதேவன் ஹீலியோஸும் மட்டுமே. தாயின் காதில் அதன் எதிரொலிதான் விழுந்தது.

அவள் தலைத்துகிலைக் கிழித்தெறிந்துவிட்டு, இரு கைகளிலும் தீப்பந்தம் ஏந்தி, அமுதம் உண்ணாமல், நீராடாமல் ஒன்பது நாள் தேடினாள். ஒருவரும் உண்மையைச் சொல்ல முன்வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹீலியோஸ் வாய் திறந்தான். நடந்ததைச் சொல்லிவிட்டு அவன் சொன்ன ஆறுதலைத்தான் நீ கவனிக்க வேண்டும் கோமதி: அழுகையை நிறுத்து, ஹேடீஸ் உனக்குத் தகாத மருமகன் அல்லன், உன் கூடப்பிறந்தவன்தானே, பெரும்பங்கு பெற்றவன்தானே என்றான். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் சொற்களைப் படித்தபோது, சொந்தத்தில்தானே கொடுத்திருக்கிறது, இடம் நல்ல இடந்தானே என்று நம் வீட்டுக் கூடங்களில் கேட்ட குரல்கள் அத்தனையும் எனக்கு நினைவுக்கு வந்தன. அவன் கெட்டவன் அல்லன், உண்மையாகவே ஆறுதல் சொல்வதாக நினைத்திருக்கிறான். அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

டெமீட்டர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலையை விட்டு இறங்கி, கிழவி வேடத்தில் எலூசிஸ் ஊரின் கிணற்றடியில் வந்து அமர்ந்தாள். அவ்வூர்த் தலைவன் கெலியோஸின் மகள்கள் தண்ணீர் எடுக்க வந்தவர்கள், அவளைப் பாட்டி என்று அழைத்து வீட்டுக்குக் கூட்டிச் சென்றார்கள். மனிதரின் துயரம் தெய்வங்களைத் தொடுவதே இல்லை என்றாயே. இந்தத் தெய்வம் ஒரு மனித வீட்டில் கூலிக்குப் பிள்ளை வளர்க்கும் செவிலியாக இருந்திருக்கிறாள். வந்த அன்று அவள் பேசவும் இல்லை, உண்ணவும் இல்லை. இயாம்பி என்ற பணிப்பெண் வேடிக்கை பேசித்தான் அவளைச் சிரிக்க வைத்தாள். கொடுத்த மதுவை மறுத்து, வாற்கோதுமை மாவும் புதினா இனத்து இலையும் தண்ணீரில் கலந்த பானத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். பெருந்துக்கத்தில் இருப்பவளை அணுகத் தெரிந்தவள் அந்த வீட்டில் ஒரு பணிப்பெண் என்று பாடிய கவியை நான் வணங்குகிறேன்.

தன் மகளை இழந்தவள் அந்த வீட்டுக் குழந்தை டெமோஃபூனைச் சாவே இல்லாதவனாக்க நினைத்து, இரவுதோறும் நெருப்பில் வைத்து எடுத்தாள். பெற்றவள் மெட்டனீரா ஒருநாள் அதைப் பார்த்து அலறிவிட்டாள். எந்தத் தாய்தான் அலறமாட்டாள்? தெய்வம் சினந்து குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டுத் தன் உருவத்தைக் காட்டியது. இந்த இடத்தில் டெமீட்டர் மெட்டனீராவிடம் கடுமையாகவே நடந்துகொள்கிறாள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. மகளைப் பறிகொடுத்த ஒருத்தி, மகனுக்காகப் பதறும் இன்னொருத்தியைப் புரிந்துகொள்ள முடியாமல் போகிறாள்.

அதன் பிறகுதான் அவள் தன் கோயிலுக்குள் சென்று அமர்ந்து, விதை முளைப்பதை நிறுத்தினாள். எருதுகள் வீணாக ஏர் இழுத்தன என்றும், வெண்மையான வாற்கோதுமை வீணாக மண்ணில் விழுந்தது என்றும் துதி சொல்கிறது. மனிதர் இறந்தால் தெய்வங்களுக்குப் படையல் இல்லை. முதலில் ஐரிஸைத் தூதனுப்பிய ஜீயஸ், பிறகு ஒவ்வொரு தெய்வமாகப் பரிசுகளுடன் அனுப்பினான். மகளை என் கண்ணால் காணும்வரை ஒலிம்பஸில் கால் வைக்கமாட்டேன், பயிரை முளைக்கவிடமாட்டேன் என்று அவள் எல்லாரையும் திருப்பி அனுப்பினாள். உன் அதீனா போர்க்களத்தில் வென்றவள். ஆனால் தன் தந்தை ஜீயஸின் முடிவை அவளால் மாற்ற முடிந்த இடம் எனக்கு நினைவில்லை. இடியும் மின்னலும் கையில் வைத்திருந்த ஜீயஸ் தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டது, தன் வேலையைச் செய்ய மறுத்து உட்கார்ந்த இந்தத் தாயின் முன்னால்தான்.

அவளுக்குக் கிடைத்ததும் முழு வெற்றி இல்லை. தெய்வங்களின் தூதன் ஹெர்மீஸ் பெர்செபோனியை அழைத்துவரப் போனபோது ஹேடீஸ் புன்முறுவலுடன் இணங்கி, மாதுளை விதை ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டான். பாதாளத்தில் உண்டவர் பாதாளத்துக்குத் திரும்பியாக வேண்டும். மகளைத் தழுவிய கணத்திலேயே தாய் கேட்ட கேள்வி, அங்கே ஏதாவது சாப்பிட்டாயா என்பதுதான். ஆண்டில் ஒரு பங்கு கணவனிடம், இரு பங்கு தாயிடம் என்று தீர்ந்தது. தான் மறைத்து வைத்த விதைகளை அதன்பின்பே அவள் முளைக்க விட்டாள்.

மகனைப் பார்க்கப் போனபோது எலூசிஸுக்கும் சென்று வந்தேன். ஏதென்ஸிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் சூழ்ந்த ஊர் அது. அவற்றின் நடுவே, பாறையைச் செதுக்கிய படிவரிசைகளோடு டெமீட்டருக்கான இரகசியச் சடங்கு நடந்த பெருமண்டபத்தின் தரை கிடக்கிறது. கொலைப்பழி இல்லாதவராகவும் கிரேக்கம் அறிந்தவராகவும் இருந்தால் பெண்ணும் அடிமையும்கூட அங்கே தீட்சை பெற முடிந்தது. உள்ளே கண்டதை வெளியே சொல்வது மரணத் தண்டனைக்குரிய குற்றம், கி.மு. 415இல் அந்தச் சடங்கை வீட்டில் கேலியாக நடித்தார் என்ற குற்றச்சாட்டுதான் ஏதென்ஸின் தளபதி ஆல்சிபயாடீஸின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அந்த இரகசியம் காக்கப்பட்டது. மகிழ்ச்சியோடு வாழவும் நல்ல நம்பிக்கையோடு சாகவும் அது கற்பித்ததாக, தீட்சை பெற்ற ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிவைத்தார். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசன் தியோடோசியஸின் தடையும் கோத்தியர் தலைவன் அலாரிக்கின் படையும் அதை முடித்துவைத்தன.

முடிந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 1801இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் அங்கே வந்தபோது, தலையில் கூடை சுமந்த ஒரு பெண் சிலையை ஊரார் கழுத்துவரை எருவில் புதைத்து வைத்திருந்தார்கள். அது போனால் விளைச்சல் போய்விடும் என்று அவர்கள் கெஞ்சியும் அவர் அதைக் கப்பலேற்றினார். கப்பல் இங்கிலாந்தின் தென்கரையருகே மூழ்கியது; சிலையை மீட்டெடுத்தார்கள்; இன்றும் அது கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது தேவியின் சிலை அன்று, கோயில் வாயிலைத் தாங்கிய தூண்பெண் என்று பின்னாளில் கண்டறிந்தார்கள். கோயில் இடிந்து பதினான்கு நூற்றாண்டு கழிந்தும், கிறித்தவர்களாகிவிட்ட அந்த உழவர்கள் அதன் காலடியில் எரு கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரோமானியர் டெமீட்டரைச் சீரீஸ் என்றார்கள். பஞ்சத்தின்போது நேர்ந்துகொண்டு கி.மு. 493இல் அவென்டைன் குன்றில் கட்டிய அவளது கோயில் எளிய மக்களின் கோயிலாகவே விளங்கியது. ரோமானியக் கவி ஓவிட் இக்கதையைச் சிசிலியின் என்னா ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்லும்போது, துதியில் இல்லாத ஒருத்தியைச் சேர்க்கிறார். சயானி என்ற சுனைத் தெய்வம் தேரின் குறுக்கே கை விரித்து நின்று, சீரீஸ் விரும்பாமல் நீ அவளுக்கு மருமகனாக முடியாது, பெண்ணைக் கேட்டிருக்க வேண்டுமே தவிரக் கவர்ந்திருக்கக் கூடாது என்று தடுக்கிறாள். ஹேடீஸ் அவளுடைய சுனையைப் பிளந்துகொண்டு இறங்கிவிட, அவள் அழுது அழுது தன் நீரிலேயே கரைந்துபோகிறாள். ஹேடீஸ் பெர்செபோனியைத் தூக்கிச் செல்வதாகச் சிற்பி பெர்னினி செதுக்கிய சிலையின் படத்தை நீ எனக்குக் காட்டி, தொடையில் பதிந்த விரல்களில் பளிங்கு சதையாகவே மாறிவிட்டதே என்று வியந்தாய். இன்னொரு முறை எடுத்துப் பார். அவள் கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளியும் இருக்கிறது.

இவ்வளவும் நான் எழுதியதற்குக் காரணம், அந்த மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் நீ உன் மகளைப் பற்றி நெருக்கி எழுதியிருக்கும் வரிதான். நளினிக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள், இடம் நல்ல இடம், என்னையும் அவளையும் யாரும் கேட்கவில்லை, ஆவணியில் முகூர்த்தம். கடவுளருக்கு ஒரு பக்கம் கொடுத்த நீ இதற்கு ஓர் ஓரத்தைத்தான் கொடுத்திருக்கிறாய். உன் எழுத்தை இத்தனை ஆண்டுகளாகப் படித்து வருபவள் நான். மனத்தை அழுத்துவதை நீ எப்போதும் ஓரத்தில்தான் எழுதுவாய்.

பையன் நல்லவனாகவே இருக்கலாம். நளினிக்குப் பிடித்திருந்தால் முதல் ஆளாக வந்து வாழ்த்துவேன். அவளைத் தனியே உட்காரவைத்து, அவள் வாயால் என்ன சொல்கிறாள் என்று கேள். நல்ல இடம் என்று நீ முதலில் சொல்லிவிடாதே. அவளுக்கு மனமில்லை என்றால் அண்ணனிடம் நீ பேச வேண்டும். உனக்குத் துணை வேண்டுமென்றால் அடுத்த வண்டியிலேயே வருகிறேன், அவர் என்மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆடி பிறப்பதற்குள் பதில் எழுது. ஓரத்தில் எழுதாதே, முழுப் பக்கத்தில் எழுது.

என்றும் உன்,
வசந்தா