மந்திரத்துக்குக் கெடு வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் ஆன்மிகப் பக்கத்தில் செல்வம் சேர ஒரு லட்சுமி மந்திரம் போட்டிருந்தீர்கள். தினம் 108 முறை, 48 நாள் சொன்னால் பணம் தேடி வரும், நடுவில் ஒரு நாள் விட்டாலும் பலன் போய்விடும் என்று கட்டம் கட்டி வேறு அச்சிட்டிருந்தீர்கள். மந்திரத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் அதைச் சொல்கிறவள்தான். அந்தக் கெடுவும் மிரட்டலும்தான் உறுத்துகிறது.

பணம் வேண்டும் என்று சாமியிடம் கேட்பதில் தப்பே இல்லை. லட்சுமியைப் போற்றும் வேதப் பாடலான ஸ்ரீசூக்தம் பொன், பசு, குதிரை என்று வெளிப்படையாகவே கேட்கிறது, பசி தாகத்தோடு வருகிற மூதேவியை விரட்டுகிறேன் என்கிறது. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லும் பலசுருதியில், அதாவது சொன்னால் என்ன பலன் என்று கூறும் பகுதியில், இதை ஜபிக்கிறவர்களுக்குக் கோபம் இராது, பொறாமை இராது, பேராசை இராது என்றும் ஒரு வரி வருகிறதே, அதை மட்டும் ஏன் யாருமே அச்சிடுவதில்லை?

அப்புறம், இந்தப் பாடல்களில் யார் யாருக்காகக் கேட்டார்கள் என்று பாருங்கள். கனகதாரா ஸ்தோத்திரத்தின் கதை எல்லோருக்கும் தெரியும்: பிச்சைக்கு வந்த பாலசங்கரருக்குப் போட வீட்டில் ஒரு நெல்லிக்கனி தவிர எதுவும் இல்லாத பெண்ணுக்காக அவர் பாடினார், தனக்காக அல்ல. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் நாள்தோறும் பொற்காசு பெற்றது அடியார்களுக்குச் சோறு போடத்தான். சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்கு மட்டும் கடைக்காரர்கள் வட்டம், அதாவது மதிப்பில் கழிவு, பிடித்தார்கள், அதனால் சமையல் தாமதமாகி அடியார்களின் பந்தி தள்ளிப்போனது, அதைப் பொறுக்காமல்தான் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’, அந்தக் கழிவு இல்லாத காசு கொடுங்கள் என்று பாடினார். தைத்திரீய உபநிஷத்தில் வரும் ஆவஹந்தீ மந்திரத்தில் ஆசிரியர் உடை, பசு, உணவு எல்லாம் எப்போதும் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல மாணவர்கள் என்னிடம் வரட்டும் என்கிறார். வந்தவர்களுக்குச் சோறு போட்டுப் படிப்பு சொல்லித்தர வேண்டுமே, அதற்குத்தான் அந்தச் செல்வம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு நாள் கணக்கை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் உறவில் ஒரு பெண், கடன் கழுத்தை நெரித்த சமயத்தில், இப்படி எங்கோ படித்துவிட்டுத் தாமரைமணி மாலையை உருட்ட ஆரம்பித்தாள். எண்ணிக்கையை ஒரு நோட்டில் கோடு கோடாகப் போட்டு வைப்பாள். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனது, அதுவரை போட்ட கோடுகளை எல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். கெடு முடிந்தும் கடன் அப்படியே இருக்க, என் உச்சரிப்பில்தான் குற்றம் என்று அழுதாளே தவிர, அந்தக் கெடுவை எழுதியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசு நிற்கத்தானே மந்திரம், அதுவே பயமாகிப் போனால் எப்படி?

ஸ்ரீசூக்தத்தை வேத ஸ்வரத்தோடு சொல்ல நினைப்பவர்கள் தெரிந்தவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும், அது சரி. ஆனால் லட்சுமியின் நாமங்களையோ ஒரு தேவாரப் பதிகத்தையோ மனமுருகிச் சொல்ல எந்தத் தடையும் இல்லை, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடரலாம் என்று அந்தக் கட்டத்துக்குள் எழுதுங்களேன்.

அடுத்த இதழில் ஒரு முழுப் பாடலை, எல்லா வரிகளுக்கும் பொருளோடு வெளியிடுங்கள். வட்டியில் மாட்டிக்கொண்டவர்களும் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள், அதனால் இத்தனை நாளில் பணம் வரும் என்ற வாக்குறுதி மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி