இன்னொரு பில் வேண்டும்

மயிலாடுதுறை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் நீயே செய்தித்தாள் படிக்கிறாய் என்பதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான். சம்பா நடவு முடிந்து வயல்கள் பச்சை பிடித்துவிட்டன. மாலையில் தெருப் பிள்ளைகள் சிலர் கணக்குக் கேட்டு வருகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கரும்பலகையை விட எனக்கு மனமில்லை.

உன் கடிதத்தின் கடைசியில், பேத்தியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாயே, அவைதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சமன்பாட்டைக் கையில் கொடுத்தால் மளமளவென்று தீர்க்கிறாள், அதையே கதையாகக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள் என்கிறாய். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என்று ஒன்பதாம் வகுப்பில் வரிசையாகச் சொல்லித் தருகிறோம். எல்லாமே சமன்பாடு கைக்கு வந்த பிறகு செய்கிற வேலைகள். கதையைப் படித்து அதிலிருந்து சமன்பாட்டை எடுப்பதுதான் உண்மையான வேலை. அதற்குப் பாடவேளையில் நாம் ஒதுக்குகிற நேரம் மிகவும் குறைவு. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

முதல் சிக்கல் எழுத்திலேயே தொடங்கிவிடுகிறது. ‘எக்ஸ் என்பது வடை’ என்று எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வடையின் விலையா, வாங்கிய வடைகளின் எண்ணிக்கையா என்று கேட்டால் விழிப்பார்கள். எழுத்து ஓர் எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது, பொருளுக்குப் பதிலாக அல்ல. இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள தடுமாற்றம் என்று நினைத்துவிடாதே. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்ற கணக்கில் இருக்கிறார்கள். ஆசிரியர்களின் எண்ணிக்கை ‘ஆ’, மாணவர்களின் எண்ணிக்கை ‘மா’ என்றால் சமன்பாடு என்ன? மூன்றில் ஒருவருக்கும் மேல் தவறாக எழுதினார்கள். பெரும்பாலும் வந்த தவறு, 6மா = ஆ. ஆறு மாணவர், ஓர் ஆசிரியர் என்று காதில் விழுந்த வரிசையிலேயே எழுதிவிட்டார்கள். மாணவர்கள்தானே அதிகம்? ஆசிரியர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால்தான் இரு பக்கமும் சமமாகும்: மா = 6ஆ. பேத்தி சமன்பாடு எழுதியதும், ‘எது பெரியது?’ என்று நீ ஒரே ஒரு கேள்வி கேள். பாதித் தவறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி, என் மனதுக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு. ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில், 850ஐ ஒட்டி, மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் ‘கணித சார சங்கிரகம்’ என்ற நூலை எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியார் அதைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1912இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. அதில் ஒரு பழக்கடைக் கணக்கு வருகிறது. 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து 107 காசு. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101 காசு. ஒவ்வொன்றின் விலை என்ன?

பேத்தி உடனே 9ஆலும் 7ஆலும் பெருக்கிக் கழித்து, தெரியாத இரண்டு விலைகளில் ஒன்றை நீக்கப் பார்ப்பாள். செய்யட்டும், விடை வரும். ஆனால் அதற்கு முன் அந்த இரண்டு வரிகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கச் சொல். இரண்டு பேரும் வாங்கியதை ஒரே கூடையில் கொட்டினால் 16 நார்த்தங்காய், 16 விளாம்பழம், மொத்தம் 208 காசு. அப்படியானால் ஒரு ஜோடி 13 காசு. அடுத்து, முதல் ஆள் இரண்டாமவரை விட ஏன் 6 காசு கூடுதலாகக் கொடுத்தார்? இரண்டு விளாம்பழத்துக்குப் பதில் இரண்டு நார்த்தங்காய் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆக, ஒரு நார்த்தங்காய் ஒரு விளாம்பழத்தை விட 3 காசு அதிகம். கூட்டினால் 13, கழித்தால் 3. நார்த்தங்காய் 8, விளாம்பழம் 5. எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே நான் இன்னும் பாடம் நடத்துகிறேன் என்று தோன்றும்.

சமன்பாடு என்பது இந்தச் சிந்தனையை எழுதி வைக்கும் முறை. நாலைந்து பொருள்கள் சேர்ந்துவிட்டால் மனதில் வைத்துக்கொள்ள முடியாது, அப்போது அது இல்லாமல் நடக்காது. சீனர்கள் இதைக் கணக்குக் குச்சிகளை வரிசையாக அடுக்கிச் செய்தார்கள். ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற அவர்களின் பழைய நூலில் எட்டாம் அத்தியாயம் முழுக்க இதுதான். மூன்று தரத் தானியக் கட்டுகளின் விளைச்சலைக் கண்டுபிடிப்பது அதன் முதல் கணக்கு. இன்று காஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞரின் பெயரால் கல்லூரியில் படிக்கிற நீக்கல் முறையைத்தான் அவர்கள் குச்சிகளை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

இப்போது உன்னிடம் கேட்க நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் தேவையான இரண்டு செய்திகளும் தயாராகக் கிடைத்துவிடுகின்றன. வாழ்க்கையில் அப்படி யாரும் கொடுப்பதில்லை. எந்தச் செய்தி போதும், எது போதாது என்று நாமே பார்க்க வேண்டும். ஆகவே அவளிடம் ஒரே ஒரு பில்லைக் கொடு. 2 டீ, 3 வடை, 60 ரூபாய். டீ என்ன விலை? சொல்ல முடியாது என்று அவள் சொல்லட்டும். டீ 15, வடை 10 ஆக இருக்கலாம். டீ 12, வடை 12 ஆகவும் இருக்கலாம். அடுத்ததாக 4 டீ, 6 வடை, 120 ரூபாய் என்று இன்னொரு பில்லைக் கொடு. இரண்டு பில் வந்துவிட்டதே என்று மகிழ்ந்து நீக்கத் தொடங்குவாள்; பூச்சியம் = பூச்சியம் என்று வந்து நிற்கும். பயப்பட வேண்டாம் என்று சொல். முதல் பில்லையே இரண்டாவது பில் இரட்டிப்பாக்கிச் சொல்லியிருக்கிறது, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதுவே 4 டீ, 6 வடை, 110 ரூபாய் என்றிருந்தால்? எந்த விலையைப் போட்டாலும் பொருந்தாது. கடைக்காரர் தள்ளுபடி கொடுத்திருக்க வேண்டும், அல்லது யாரோ தவறாகக் கூட்டியிருக்க வேண்டும். வங்கியில் பேரேடு பார்த்த உனக்கு இது நன்றாகவே புரியும். கணக்கு இடிக்கிறது என்பதும் ஒரு செய்திதான். கடைசியில் 3 டீ, 2 வடை, 65 ரூபாய் பில்லை எடுத்துக் கொடு. நார்த்தங்காய் வழி அவளுக்கு நினைவு வருகிறதா என்று பார்.

‘இன்னொரு பில் வேண்டும் தாத்தா, ஆனால் வேறு மாதிரி பில்’ என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும். வார்த்தைக் கணக்கின் மேல் உள்ள அச்சம் பெரும்பாலும் போய்விடும்.

கண் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்வந்ததாக எழுதியிருந்தாய். அதிலும் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 2013இல் சென்னைக்கு அரசு அறிவித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஓட்டுநர்கள் இன்று கேட்பதை விடு, கணக்குக்காக அந்தக் கட்டணத்தையே வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு, 10 கிலோமீட்டருக்கு 123 ரூபாய் 40 காசு ஆகிறது. இந்த இரண்டு தொகைகளை மட்டும் அவளிடம் சொல்லி, நிலையான தொகை எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேள். கிலோமீட்டருக்கு 12 என்று சரியாக வந்துவிடும். நிலையான தொகை 25 வராது, 3 ரூபாய் 40 காசுதான் வரும்! ஏனென்றால் அந்த 25 ரூபாய்க்குள்ளேயே 1.8 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான 21 ரூபாய் 60 காசு அடங்கியிருக்கிறது. அவள் கண்டுபிடித்த சமன்பாட்டின்படி ஒரு கிலோமீட்டர் போனால் 15 ரூபாய் 40 காசு கொடுத்தால் போதும்; ஆனால் ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டியது 25. சமன்பாட்டில் பிழையில்லை. 1.8 கிலோமீட்டருக்கு மேல்தான் அது பொருந்தும். வந்த விடையைத் திரும்ப நடைமுறையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவும் பழக்கத்தை நாம்தான் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தி வைத்திருக்கிறோம்.

வயதுக் கணக்குகளைப் பற்றிப் புலம்புவாள், எல்லாப் பிள்ளைகளும் புலம்புவார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு என்றால் அப்பாவுக்கும் ஐந்து கூடும், மகனுக்கும் ஐந்து கூடும். அதை மட்டும் நினைவில் வைக்கச் சொல்.

கடைசியாக என் சார்பில் அவளுக்கு ஒரு கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு 84 பேர் கிளம்பினார்கள். காரில் 4 பேர், வேனில் 12 பேர். மொத்தம் 11 வண்டிகள், எல்லாம் நிறைந்து போயின. கார் எத்தனை, வேன் எத்தனை? எனக்கு விடை அனுப்ப வேண்டாம். எந்த எழுத்தை எதற்கு வைத்துக்கொண்டாள் என்ற முதல் இரண்டு வரியை மட்டும் அவள் கைப்பட எழுதி அனுப்பச் சொல். எழுத்தே இல்லாமல் வேறு வழியில் போட்டாள் என்றால் அதை முழுவதுமாக எழுதச் சொல், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்ததும் எழுது, ரயில் நிலையத்துக்கு நானே வருகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்