30 லட்சம் வோனுக்கு வேறு வழி இருந்ததா?

ஆசிரியருக்கு,

தென் கொரிய இயக்குநர் கிம் சாங்-ஹூனின் முதல் படமான ‘ஹோப்லெஸ்’ (2023) பற்றிய விமர்சனம் படித்தேன். பணமில்லை என்பதற்காக ஒரு பையன் ரவுடிக் கும்பலில் போய்ச் சேர்வானா, கடன் வாங்க வேறு இடமே இல்லையா என்று கேட்டிருக்கிறார் விமர்சகர். இல்லை என்பதில்தான் இந்தக் கதையே நிற்கிறது.

மாற்றாந்தந்தையின் மகள் ஹாயானுக்காகச் சண்டைக்குப் போய், ஒரு மாணவனைக் கல்லால் அடித்துவிடுகிறான் படத்தின் நாயகன் யோன்-க்யூ. அடிபட்டவனுக்குக் கொடுக்க வேண்டிய சமரசத் தொகை 30 லட்சம் வோன் (கொரியப் பணம்). நம் பணத்தில் ஏறக்குறைய 1.8 லட்சம் ரூபாய். கொரியாவில் வெறும் கைகலப்பு என்றால், அடிபட்டவர் தண்டனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலே வழக்கு நிற்காது. கல்லை எடுத்துக் காயப்படுத்தினால் பிரிவே வேறு. பணம் கொடுத்தாலும் வழக்கு போகாது, தண்டனைதான் குறையும். ஆனாலும் சமரசக் கடிதம் இல்லாமல் நீதிபதி முன் போய் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? தொகைக்கு அரசு அட்டவணை கிடையாது, எல்லாம் பேரம்தான்.

2023இல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9,620 வோன். ஒரு வோன்கூடச் செலவழிக்காமல் தினம் 8 மணி நேரம் உழைத்தாலும் 39 நாள் ஆகும். சீன உணவகத்தில் வேலை பார்க்கும் மாணவனுக்கு இது நடக்கிற காரியமா? கடனுக்கும் வழியில்லை. அங்கே 19 முடிந்தால்தான் மேஜர்; இவனுக்கு 18. மைனர் போட்ட ஒப்பந்தத்தைப் பின்னால் ரத்து செய்துவிடலாம் என்பதால், காப்பாளர் கையெழுத்தில்லாமல் பதிவு பெற்ற நிறுவனம் எதுவும் கடன் தராது. வீட்டிலோ அடிக்கிற மாற்றாந்தந்தை, கையில் காசில்லாத தாய்.

வட்டிக்கு உச்சவரம்பு 2021 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 20 சதவீதம். அதைத் தாண்டினால் கந்துவட்டிதான். ஆனால் அந்த ரவுடிக் கும்பலைச் சேர்ந்த சிகோன் (நடிகர் சோங் ஜூங்-கி) வட்டியே கேட்காமல் தூக்கிக் கொடுக்கிறான். தவணைக் கடனென்றால் அடைத்துவிட்டு விலகியிருப்பான் பையன். இதை எப்படி அடைப்பது? வேலை போனதும் அவனே சிகோனைத் தேடிப் போகிறான். பைக் திருட்டும் வசூலும் அதற்குப் பிறகுதான்.

பிற்பாதி இழுவை என்றது சரி. 124 நிமிடத்தில் 15 நிமிடத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். ஆனால் யோன்-க்யூவாக வரும் ஹோங் சா-பின்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அந்த ஆண்டு கொரியாவின் புளூ டிராகன் திரைப்பட விருதுகளில் சிறந்த புதுமுக நடிகர் அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்