உள்ளேன் ஐயா: காலேஜ் ஸ்டேஷனுக்குப் புறப்படும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எழுபதாயிரம் பேர் படிக்கிற இடம் அக்கா. நான் ஒருத்தி இருக்கேனா இல்லையான்னுகூட யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாய். அதற்குள் சித்தி போனை வாங்கி, பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டது, குக்கரை வைப்பதா இட்லித் தட்டை வைப்பதா என்று கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. (குக்கரை வை. கேஸ்கட் கூடுதலாக இரண்டு.) உன் கேள்வி மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த ஆகஸ்டில் உன்னைப் போலவே புறப்படுகிற பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று எல்லார் கண்ணிலும் படும்படி போடுகிறேன்.

நீ போகிற காலேஜ் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே, நீ சேரப்போகிற டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தால்தான். 1876இல் டெக்ஸாஸில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுக்க வெட்டவெளியில் ஓர் அரசுக் கல்லூரியைத் திறந்தார்கள். பக்கத்தில் ரயில் நின்ற இடம் காலேஜ் ஸ்டேஷன். அதுவே ஊர்ப்பெயராகிவிட்டது. 'அக்ரிகல்ச்சுரல் அண்ட் மெக்கானிக்கல்' என்பதன் முதலெழுத்துகள்தான் ஏ அண்ட் எம். 1963இல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியபோது சொற்கள் உதிர்ந்து எழுத்துகள் மட்டும் நின்றன. பெண்களை முறைப்படி சேர்க்க ஆரம்பித்ததும், கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்ததும் அதே 1963இல்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் ராணுவச் சீருடை போட்ட பையன்கள் படித்த இடம். நீ அங்கே பார்க்கப்போகிற சடங்குகள் பலவற்றுக்கு அந்தச் சீருடைக் காலம்தான் வேர்.

நான் போய் இறங்கியபோது எனக்கும் உன் பயம்தான். முதல் வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. எந்தக் கட்டடம் எங்கே என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் "ஹௌடி" என்றார்கள். என்னைத்தான் சொல்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அது அங்கே எழுதப்படாத சட்டம் மாதிரி, முன்பின் தெரியாதவருக்கும் சொல்வார்கள். சாயங்காலம் ஓக் மரங்களில் கறுப்புப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து அடைந்து காதைப் பிளக்கும். பஸ் ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் மாணவர்கள்தான். இறங்கும்போது எல்லாரும் அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். இதெல்லாம் பிடித்திருந்தது. ஆனாலும் யாருக்கும் என் பெயர் தெரியாது.

பெயர் தெரியாது என்று நான் சொல்வது நிஜமாகவே. நம் வீட்டில் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டோம். முதல் வகுப்பில் பேராசிரியர் பட்டியலைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது. அன்றைக்கு அறைக்கு வந்து அழுதேன். பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிற அப்பாவை யாரோ வகுப்பில் எழுப்பியது போல இருந்தது.

அதற்கு அடுத்த வாரம், செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை. எவன்ஸ் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி பத்தேகாலுக்கு மேல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வெளியே வந்தால் விளக்குகள் இல்லை. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் கரண்ட் போனால் உடனே சத்தம் எழுமே, அந்தச் சத்தம் இல்லை. கொஞ்சம் நடந்த பிறகுதான் தெரிந்தது, இருட்டில் என்னைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். நூற்றுக்கணக்கில், ஒருவர் தோளை ஒருவர் உரசாமல், ஒரு சொல் பேசாமல். ஒருவர் கையிலும் போன் வெளிச்சம் இல்லை. பயந்து நானும் நின்றுவிட்டேன். தூரத்தில் பூட்ஸ் கால்கள் மெதுவாக, ஒரே தாளத்தில் நடந்து வரும் ஓசை. அப்புறம் துப்பாக்கிச் சத்தம். ஏழு துப்பாக்கிகள் ஒன்றாக, மூன்று முறை. மரத்தில் இருந்த பறவையெல்லாம் எழுந்து பறந்தன. கடைசியில் எங்கோ உயரத்திலிருந்து ஊதுகொம்பு. ஒரே மெட்டு மூன்று தடவை. முடிந்ததும் எல்லாரும் அதே மௌனத்தோடு கலைந்து போனார்கள். யாரையும் நிறுத்திக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் லேபில் சீனியர் ஒருவர்தான் சொன்னார். அதற்குப் பெயர் சில்வர் டாப்ஸ். படித்துக்கொண்டிருக்கிற மாணவர் யாராவது இறந்துபோனால், அடுத்த மாத முதல் செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு இது நடக்கும். 1898இல், பதவியில் இருந்தபோதே இறந்த கல்லூரித் தலைவர் ராஸ் என்பவருக்காக முதலில் செய்தார்களாம். ஊதுகொம்பை வடக்கே, தெற்கே, மேற்கே பார்த்து ஊதுவார்கள். கிழக்கே ஊத மாட்டார்கள். இறந்தவருக்கு இனி சூரியன் உதிக்காது என்பதால். "இளங்கலை, முதுகலை வித்தியாசம் கிடையாது. சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தாலும் உண்டு" என்றார் அவர். நான் கொடிக்கம்பத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். சின்ன வெள்ளை அட்டைகள். பெயர், படிப்பு, பிறந்த தேதி. அவ்வளவுதான். என்னவோ தோன்றி ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தேன்.

புறப்படுகிற பிள்ளையிடம் போய்ச் சாவைப் பேசுகிறாளே என்று சித்தி என்னைத் திட்டுவாள். திட்டட்டும். உன் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அங்கேதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏப்ரல் 21. மெக்ஸிகோவிடமிருந்து டெக்ஸாஸ் பிரிந்த சான் ஹசின்டோ போர் நடந்த நாள். அன்றைக்குப் பழைய மாணவர்களும் இப்போது படிப்பவர்களும் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கங்கே கூடுவார்கள். மஸ்டர் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸின் கொரெகிடார் தீவில் குண்டுமழைக்கு நடுவே சிக்கியிருந்த ஜார்ஜ் மூர் என்ற தளபதியும் அவரோடு இருந்த பழைய மாணவர்களும் 1942இல் அந்த நாளை நினைவுகூர்ந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதிலிருந்துதான் வழக்கம் இவ்வளவு தூரம் பரவியது. வளாகத்தில் இது ரீட் அரீனாவில் நடக்கும். விளக்கை அணைத்துவிட்டு, அந்த ஓராண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். பெயர் வந்ததும் அவருடைய வீட்டாரோ நண்பர்களோ "ஹியர்" என்று பதில் சொல்லி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

எனக்கு முன்வரிசையில் ஒரு வயதான அம்மா. கணவர் பெயராக இருக்க வேண்டும். கூப்பிட்டதும் எழுந்தார், தொண்டை அடைத்துச் சொல் வரவில்லை. பக்கத்தில் இருந்த பேரன், பத்து வயது இருக்கும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கும் சேர்த்துச் சொன்னான்.

உனக்கு நம் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறதா? காலையில் சார் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். எழுந்து "உள்ளேன் ஐயா" என்போம். வராத தோழிக்காகக் குரலை மாற்றி நாம் சொன்னால், கண்டுபிடித்துவிட்டாரென்றால் பிரம்படி. அதே காரியத்தை அங்கே பல்லாயிரம் பேர் எழுந்து நின்று வணங்குகிறார்கள். இல்லாதவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இருக்கிறவர் "உள்ளேன்" என்கிறார். அந்தச் சின்னச் சொல்லுக்கு இவ்வளவு கனம் உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நேரம் கிடைக்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை போலோ ஃபீல்ட்ஸ் மைதானத்துக்கு நடந்து போ. பான்ஃபயர் நினைவிடம் அங்கே இருக்கிறது. அப்போதெல்லாம் ஆண்டுதோறும் பெரிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு முன் மாணவர்களே மரம் வெட்டி, அடுக்கி, எரித்துவந்தார்கள். சொக்கப்பனை மாதிரி, ஆனால் பல மடங்கு பெரிது; கடைசியாக அடுக்கியது 59 அடி உயரம், சுமார் 5000 மரக்கட்டைகள். 1999 நவம்பர் 18 அதிகாலை 2:42க்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம். நீயும் சிவில் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்: வரைபடம் போட்டுக் கணக்குப் பார்த்த கட்டுமானம் அல்ல அது. சீனியர் ஜூனியருக்கு வாய்வழியாகக் கற்றுக்கொடுத்து வந்த வேலை. உள்ளிருந்து வெளியே தள்ளிய அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குச் சுற்றுக்கட்டு இல்லை. பாசம் எவ்வளவு இருந்தாலும் சுமை தன் கணக்கை விடாது. நினைவிடத்தில் வட்டமாக 12 வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இறந்த பிள்ளையின் சொந்த ஊர் இருக்கிற திசையைப் பார்த்திருக்கும். அதற்குள் நின்றால் நீ அந்த ஊரைப் பார்த்து நிற்பாய். நான் ஒவ்வொன்றிலும் நின்றேன். அப்புறம் நம் ஊர் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எல்லாமே எனக்கு உவப்பானது என்று நினைக்காதே. அகாடமிக் கட்டடத்துக்கு முன்னால், சில்வர் டாப்ஸுக்குக் கூட்டம் கூடுகிற அதே இடத்தில், ராஸின் சிலை. பரீட்சைக்கு முன் அதன் காலடியில் ஒரு சென்ட் நாணயம் வைப்பார்கள். அந்த மனிதர் உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தரப்பின் தளபதி. 2020இல் மாணவர்கள் சிலையை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள். எடுக்கவில்லை. நான் காசு வைத்ததில்லை, எனக்கு மனம் வரவில்லை. 2021இல் மேத்யூ கெய்ன்ஸுக்கும் ஒரு சிலை வைத்தார்கள். அடிமையாகப் பிறந்து டெக்ஸாஸ் செனட்டர் ஆனவர், அந்தக் கல்லூரி உருவாகவே காரணமாக இருந்த சட்டத்துக்காகப் பாடுபட்டவர். நான் படித்தபோது அது இல்லை. நீ போய்ப் பார்த்து, ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்குக் கட்டாயம் போ. விதிமுறை புரிய வேண்டியதில்லை. 102,733 பேர் உட்காரும் கைல் ஃபீல்டில் மாணவர்கள் உட்கார மாட்டார்கள், ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். 1922 ஜனவரியில் டல்லாஸில் நடந்த ஆட்டத்தில் அணியினர் வரிசையாகக் காயம்பட, மேலே பார்வையாளர் பக்கம் இருந்த கிங் கில் என்ற மாணவர் இறங்கி வந்து, உடை மாற்றிக்கொண்டு, கடைசிவரை ஓரத்தில் தயாராக நின்றார். அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. ஆனாலும் நூறு வருஷமாக அவருக்காக நிற்கிறார்கள். கால் வலிக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இரு.

படிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. நம் காலேஜில் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்காதவள் தோழியே இல்லை. அங்கே அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடு. பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது, செய்கிறவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது என்பது அவர்கள் சத்தியம். மாட்டினால் மதிப்பெண் பட்டியலில் எஃப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஏறும். எதற்காக என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஹோம்வொர்க்கைச் சேர்ந்து பேசலாமா, தனியாகத்தான் செய்ய வேண்டுமா என்று ஒவ்வொரு பாடத்துக்கும் வாய்திறந்து கேட்டுக்கொள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த இடத்துக்குப் பெயர் கூப்பிடத் தெரியும். பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும், அந்த ஆட்களை நீதான் சேர்க்க வேண்டும். நாலு தமிழ்ப் பிள்ளைகளோடு ஓர் அபார்ட்மென்டில் சமையல் முறை போட்டுக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம். அவர்கள் உனக்குக் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களை விடாதே. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதே. முதல் வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய் உன் பெயரைச் சொல். சுருக்கிச் சொல்லாதே. நாக்கு சுழலவில்லை என்றால் இன்னொரு முறை சொல், மூன்றாவது முறையும் சொல். அவர்கள் கற்றுக்கொள்வார்கள், கற்றுக்கொள்ள விரும்பவும் செய்வார்கள். பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள். வசந்த காலத்தில் பிக் ஈவென்ட் என்று ஒரு சனிக்கிழமை வரும். மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் ஊர்க்காரர்கள் வீட்டில் இலை வாரி, வேலிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். 1982இலிருந்து நடக்கிறது. என் வாழ்க்கையில் முதல் அமெரிக்கத் தோழி கிடைத்தது ஒரு பாட்டி வீட்டுத் தோட்டத்தில், ஒரே வாருகோலை மாற்றி மாற்றிப் பிடித்தபோதுதான். இன்றைக்கும் அவள் என் பெயரில் இருக்கிற ழகரத்தைச் சரியாகச் சொல்வாள்.

நான் இப்போது இருக்கிற ஊரிலும் ஏப்ரல் 21 அன்று இருபது முப்பது பேர் கூடுவோம். வரும் ஏப்ரலில் நீ ரீட் அரீனாவில் இருப்பாய், நான் இங்கே. முடிந்ததும் மணி என்ன என்று பார்க்காமல் போன் பண்ணு.

சித்தியிடம் சொல், புளி இங்கேயே கிடைக்கும், மிளகாய்த்தூள் மட்டும் வீட்டில் அரைத்ததை அனுப்பச் சொல்.

அன்புடன்,
அக்கா