பல்லாரிக்குப் போட்ட தடையில் சின்ன வெங்காயம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெங்காய விலை ஏறினால் டெல்லியிலிருந்து உத்தரவு வர அதிக நாள் ஆவதில்லை. 2019 செப்டம்பரில் ஏற்றுமதிக்குத் தடை. அடுத்த வருஷம் அதே செப்டம்பரில் மறுபடியும் தடை. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, அது போதாதென்று டிசம்பரில் முழுத் தடை. 2024 மே மாதம் தடையை எடுத்தார்கள். வரி முழுசாகப் போனது 2025 ஏப்ரலில்தான்.

இதெல்லாம் நாசிக் பக்கத்துப் பெரிய வெங்காயத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் பல்லாரியை, மனதில் வைத்து எடுத்த முடிவுகள். பெரம்பலூரிலும் திண்டுக்கல்லிலும் விளையும் சின்ன வெங்காயமும் அதில் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. எங்கள் காய் வெளிநாடு போவது இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று சாம்பார் வைக்கிற ஊர்களுக்கு. அதை நிறுத்தினால் டெல்லிக்காரர் வாங்கும் வெங்காயத்தின் விலை எப்படிக் குறையும்?

ரகம் பிரித்துப் பார்க்க அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2020 அக்டோபரில், தடை இருக்கும்போதே, பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கும் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் அனுமதித்தார்கள். 2023-ல் ரோஸுக்கு வரிவிலக்கும் கிடைத்தது. கர்நாடகம் கேட்டது, வாங்கியது. நாம் கேட்கிற விதத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது போல.

ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். விலை ஏறிய சமயத்தில் விதையும் ஏறிவிடும். அந்த விலைக்கு வாங்கி ஊன்றி, எழுபது நாள் கழித்துப் பிடுங்கும்போது ஊரெல்லாம் வெங்காயம். சரி, விலை வரட்டும் என்று பிடுங்கிய காயை வயலிலேயே பட்டறை போட்டுச் சேமித்து வைப்போம். அந்த நேரம் பார்த்துத் தடை வந்தால் பட்டறை என்ன செய்யும்? காய் எடை குறையும், முளை விடும், அடியில் அழுகும். போன முறை நான் பட்டறையைப் பிரித்தபோது கால்வாசி குப்பைக்குத்தான் போனது.

விலை விழுந்தால் அரசு கைகொடுக்கத் திட்டம் இல்லாமல் இல்லை. விளைச்சலை அரசே வாங்கிக்கொள்ளும் சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. மாநிலம் கேட்க வேண்டும், அதில் வரும் நஷ்டத்தை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி ஏற்க வேண்டும். அந்தக் கோப்பு நகர்வதற்குள் காய் முளைத்துவிடும். குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் உள்ள 22 பயிர்களில் காய்கறி ஒன்றுகூட இல்லை. கேரளத்தில் 2020 நவம்பரிலேயே 16 விளைபொருள்களுக்கு, சாகுபடிச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து, அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலும் அதைப் பேசத் தொடங்கலாம்.

அதற்கு நாளாகும் என்றால், முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்யட்டும். இனிமேல் வெங்காயத்துக்குத் தடையோ வரியோ போடும் உத்தரவில் ‘சின்ன வெங்காயம் நீங்கலாக’ என்று இரண்டு மூன்று சொல் சேர்க்கச் சொல்லி நம் எம்.பி.க்கள் இப்போதே எழுதி வாங்க வேண்டும். தடை வந்த பிறகு மனு கொடுப்பதால் பட்டறையில் கிடக்கும் காய்க்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்படிக்கு,
சின்ன வெங்காய விவசாயி ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்