பழைய சேலையும் ஆளுக்கொரு கைத்துணியும்

கரூர்,
புரட்டாசி இரண்டாம் வாரம்.

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொள். உன் அலட்சியம் எனக்குத் தெரியாதா, விடுதியில் ஒரே அறையில் உன்னோடு குடித்தனம் நடத்தியவள் நான். பேரன் பள்ளிக்கூடம் போக அழுகிறான் என்று எழுதியிருந்தாய். அழட்டும். அவன் அப்பன் அழாத அழுகையா?

இங்கே ஊரே தான்தோன்றிமலைப் பக்கம் திரண்டு கிடக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இல்லை. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பெருமாளைப் பார்க்க நடந்தே போகிறார். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெருமாளின் தயவா, நடையின் தயவா என்று நான் கேட்பதில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் கை துடைக்க மருமகள் மாதாமாதம் காகித நாப்கின் பெட்டி பெட்டியாக வாங்குகிறாள், அதை நிறுத்தித் துணியில் தைத்துவிடலாம் என்றால் மாமியார் சிரிக்கிறார், "தண்ணீர் இருக்கிற வீட்டில் கை துடைக்கத் துணி எதற்கு" என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. குழம்புச் சாதம் பிசைந்த கையைத் துணியில் துடைத்துவிட்டு எழுந்து போனால் நமக்கு அன்று முழுவதும் உறுத்தும். கழுவினால்தான் சாப்பாடு முடிந்த மாதிரி. ஆனால் கழுவிய ஈரக் கையை எதில் துடைக்கிறோம் என்று அவரையே திருப்பிக் கேள். வாஷ்பேசின் பக்கத்து ஆணியில் ஒரு துண்டு தொங்கும். காலையில் முகம் துடைத்த துண்டு அது. மத்தியானம் ரசக் கை, சாயங்காலம் விளையாடிவிட்டு வந்த பிள்ளைகளின் மண் கை, ராத்திரி சப்பாத்தி எண்ணெய், எல்லாம் அதில்தான். நாள் முழுக்கக் காயாமல் கிடந்து ஒரு வாடை வேறு. அந்தத் துண்டைத் தொடப் பிடிக்காதவர்கள் முந்தானையிலும் வேட்டி நுனியிலும் துடைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நாப்கினுக்கு வேலை கிடைத்தது அந்த இடத்தில்தான், தட்டுக்குப் பக்கத்தில் அல்ல.

வேடிக்கை என்னவென்றால், கரூரே நாப்கின் தைக்கிற ஊர். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, ஏப்ரன், மேசை விரிப்பு, நாப்கின் என்று வீட்டுத்துணி வகை எல்லாம் இங்கே தைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி உன் ஊர்த் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத்தான் கப்பல் ஏறுகிறது. கிறிஸ்துமஸுக்கான சிவப்பும் பச்சையும் எங்களுக்கு ஆடி மாதமே வந்து போய்விடும். இவர் அத்தனை வருஷமும் செக்கிங் மேசையில் நின்று, யாரோ ஒரு ஊரில் யாரோ மடியில் விரிக்கப்போகிற சதுரத்துணியின் ஓரத்தையும் மூலையையும் பார்த்துப் பார்த்துக் கழித்துக்கட்டியவர். ஆனால் எங்கள் கரூரில் ஒரு வீட்டு மேசையிலும் நான் நாப்கினைக் கண்டதில்லை. நெசவாளி வீட்டுப் பெண் பட்டுடுத்தாத கதைதான்.

அந்த ஏற்றுமதி நாப்கின் அப்படியே நமக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது 20 அங்குலச் சதுரம், கனம் வேறு. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கிறவர்கள் மடியில் விரித்து, உதட்டை ஒற்றிக்கொள்வதற்காகச் செய்தது. நம் வீட்டில் ஈரக் கையைத் துடைத்து மடக்கி வைத்தால் மறுவேளைக்குள் காயாது. நமக்கு வேண்டியது சின்னதாக, மெல்லியதாக, சீக்கிரம் காய்வதாக, மஞ்சள் கறை காட்டாத நிறத்தில் ஒன்று.

கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இது அந்நியப் பழக்கம் என்று உன் மாமியார் நினைத்தால் இதையும் சொல். பழைய ரோமில் சாய்ந்து படுத்துக்கொண்டு கையால்தான் சாப்பிட்டார்கள். விருந்தாளி தன் துணியைத் தானே கொண்டு போவானாம், மிஞ்சிய பலகாரத்தை அதிலேயே முடிந்து வீட்டுக்கு எடுத்து வருவானாம். நம் கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கிறோமே, அவன் பையையே கையோடு கொண்டு போயிருக்கிறான். முள்கரண்டி ஐரோப்பாவின் வீடுகளில் பரவியதெல்லாம் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

தைக்கிற விஷயம். புதுத்துணி வாங்காதே. மருமகள் சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிறாள் என்றாய், நல்லதுதான். ஆனால் புதுத் துணிக்குப் பருத்தி விளைய வேண்டும், சாயம் ஏற வேண்டும். சாயக்கழிவு அமராவதியை என்ன செய்தது என்று ஆற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பத்து ரூபாய்க் காகிதத்தைத் தவிர்க்க ஒரு புதுத் துணிக்கட்டு வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பீரோவில் மடித்துக் கிடக்கும் பழைய நூல் சேலைகளை எடு. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். நைந்த இடத்தையெல்லாம் கழித்தாலும் வீட்டுக்கு வேண்டியது அதிலேயே கிடைக்கும். பல தடவை துவைத்த நூல் துணி ஈரம் இழுப்பதைப் புதுத்துணி இழுக்காது. கடைத் துணியில் கஞ்சியும் மெருகும் ஏற்றியிருப்பார்கள். முதல் சில அலசல் வரைக்கும் தண்ணீர் அதன்மேல் தாமரை இலையில் ஓடுவதுபோல ஓடும். பாலியஸ்டர் கலந்தது வேண்டவே வேண்டாம். ஈரத்தை உள்ளே இழுக்காமல் கை முழுவதும் பூசிவிடும். பூந்துவாலையும் வேண்டாம், அதன் முடிச்சுகளில் பருக்கையும் கடுகும் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வராது.

நான் எடுத்தது மாமியாருடைய அரக்கு நிறச் சுங்குடிச் சேலை. அவர் போன பிறகு யாருக்கும் கட்ட மனம் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. கத்தரி வைக்கும்போது கை தயங்கியது உண்மை. இப்போது தினமும் மேசையில் இருக்கிறது, பெட்டியில் கிடந்ததைவிட இது மேல்.

வெட்டும்போது கோடு போட்டு வெட்டாதே. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்துக் கிழி. கைத்தறி நூல் துணி இழை போன வழியே நேராகக் கிழியும். கிழிய மறுக்கிற துணியானால் ஒரே ஒரு இழையை உருவி எடு, அந்தத் தடத்தில் வெட்டு. இழை கோணியிருந்தால் துவைக்கத் துவைக்கச் சதுரம் முறுக்கிக்கொண்டு நிற்கும். 35 சென்டிமீட்டர்ச் சதுரம் போதும். பழைய சேலை மெல்லியது என்பதால் ஒற்றையாக ஓரம் மடித்து அடித்தால் சீக்கிரம் கிழியும். இரண்டு துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுற்றிலும் தை. நாலு விரல் இடைவெளி மட்டும் விட்டுவிடு. மூலைகளில் மிச்சத் துணியைக் குறுக்காகக் கத்தரித்து, அந்த இடைவெளி வழியாகப் புரட்டு. பிறகு விளிம்பை ஒட்டி ஒரு சுற்று. அந்தச் சுற்றிலேயே இடைவெளியும் மூடிக்கொள்ளும். நடுவில் பெருக்கல் குறிபோல இரண்டு தையல் ஓட்டினால் துவைக்கும்போது உள்ளே சுருளாது. 11ஆம் எண் ஊசி போடு. தடித்த ஊசி பழைய துணியில் ஓட்டை விழச்செய்யும்.

முக்கியமானது ஆளுக்கு ஒன்று என்பதுதான். அது இல்லாவிட்டால் மறுபடியும் அதே பொதுத்துண்டு. ஐரோப்பிய வீடுகளில் துணியை ஆளுக்கொரு வளையத்தில் செருகி வைத்து, சலவை நாள் வரைக்கும் அவரவர் துணியை அவரவர் எடுத்துக்கொள்வார்களாம். நான் மூலையில் வண்ண நூலால் சங்கிலித் தையல் போட்டுவிட்டேன். இவருக்குப் பச்சை, எனக்கு வெள்ளை, பெரியவளுக்கு மஞ்சள். சின்னவனுக்கு அவன் கேட்டபடி தேள். தேள் எப்படித் தைப்பதென்று தெரியாமல் நண்டு மாதிரி வந்திருக்கிறது, அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். துணி தட்டுக்கு இடப்பக்கம் இருக்கும். இடக்கையால் தண்ணீர் டம்ளரும் கரண்டியும் எடுக்கும்போது ஈரத்தை ஒற்றிக்கொள்ளலாம். எழுந்து போகும்போது அதையே எடுத்துக்கொண்டு போய்க் கை கழுவித் துடைத்து, அவரவர் கொக்கியில் மாட்டிவிட வேண்டும்.

துவைப்பதற்கு மஞ்சளைப் பற்றிப் பயப்படாதே. சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவந்து உன்னைப் பயமுறுத்தும். மஞ்சளுக்குக் காரம் பட்டால் அப்படித்தான். அலசி நல்ல வெயிலில் போடு, வெயில் அதை மெல்ல மெல்ல அழித்துவிடும். துணி மிருதுவாக இருக்க வேண்டும் என்று கடையில் விற்கும் திரவத்தை ஊற்றாதே, ஈரம் இழுக்கிற குணம் போய்விடும். உன் வீட்டில் வாரத்தில் பாதி நாள் மீன் குழம்பு. அந்த நாள் துணியை மட்டும் ராத்திரியே தனியாக நனைத்துவிடு, மற்ற துணியோடு சேர்க்காதே. இஸ்திரி போடுகிற வேலையே வைத்துக்கொள்ளாதே.

வேலை கூடுமா என்றால் கூடும், மறைக்க மாட்டேன். காகிதம் குப்பையில் விழும், துணி வாளியில் விழும். அந்த வாளி யாருடையது என்பதை முதல் நாளே பேசிக்கொள். எங்கள் வீட்டில் கைத்துணி வாளி இவருடையது. செக்கிங் மேசை ஆள் என்பதால் ஒரு நூல் பிசிறு தெரிந்தாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார், அது ஒரு தொல்லை. காகிதத்தையும் முழுக்க விரட்டிவிட வேண்டியதில்லை. வடை எண்ணெய் ஒற்ற அதற்கு இணை இல்லை. ஈரக் கைக்குத்தான் அது ஆகாது, நார்நாராகக் கழன்று விரலில் ஒட்டிக்கொள்ளும்.

சேலையில் மிஞ்சியதில் உங்கள் ஐந்து பேருக்கும் தைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். மூலை வெறுமையாக இருக்கும், யாருக்கு என்ன வேண்டும் என்று நீயே கேட்டுத் தைத்துக்கொள். கண் நன்றாக ஆறிய பிறகு தை, இப்போதே உட்காராதே. தீபாவளிக்கு உன் மகன் மதுரை வருவதாக இருந்தால் கரூருக்கும் ஒரு நடை வரச் சொல். இவரிடம் இரண்டு கட்டுப் படுக்கை விரிப்பு இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வி