அக்காவுக்கு, ஃபார்கோலேர்ந்து

ஃபார்கோ, நார்த் டகோட்டா
அக்டோபர் 18, 2020

அக்கா,

ஃபோன் பண்ணாலே அம்மா ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துல வந்து உக்காந்துடறாங்க, அதான் லெட்டரா எழுதறேன். இத நீ மட்டும் படி. அம்மாகிட்ட எத சொல்லணும் எத சொல்ல வேணாம்னு உனக்கே தெரியும்.

மொதல்ல நல்ல சேதி. எனக்கு ஏழு மாசம் முடியப் போகுது, போன வாரம் செக்கப்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்க, பாப்பா நல்லா உதைக்குது. கோவிட்னால அவர உள்ள விடல, கார் பார்க்கிங்லயே உக்காந்திருந்தாரு, நான் ஹார்ட் பீட்ட ஃபோன்ல ரெகார்ட் பண்ணிட்டு வந்து கேக்க வச்சேன். இந்த மாசம் ஜனத்தொகைய வச்சுப் பாத்தா அமெரிக்காவுலயே எங்க ஸ்டேட்லதான் கேஸ் ஜாஸ்தியாம். அம்மாவால பிரசவத்துக்கு வர முடியாதுன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சிடுச்சு, அவங்கதான் இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. தெனம் ஒரே கேள்வி, அந்த ஊர்ல உனக்குன்னு யாருடி இருக்கா. யாராவது ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் பேர சொல்லி சமாளிக்கறேன். உண்மையான பதில் சொல்லணும்னா நான் வந்து எறங்கின அந்த ஆகஸ்ட்ல நடந்தத சொல்லணும், அத நான் மூணு வருஷமா உங்க யார்கிட்டயும் சொல்லல.

2017 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை இங்க ஒரு பொண்ணு காணாம போச்சு. இந்த ஊருக்கு வந்து ரெண்டு வாரம்கூட ஆகல எனக்கு, எந்த பஸ் எங்க போகும்னே தெரியாது. திங்கக்கிழமை பஸ் ஸ்டாப்ல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க. அந்தப் பொண்ணு ஃபோட்டோ, பேர் சவானா, 22 வயசு, எட்டு மாச கர்ப்பிணி, காணோம். அன்னைக்கு எனக்கும் 22 வயசு அக்கா, அதனாலயோ என்னவோ பஸ் வந்து போனதுகூட தெரியாம அந்த முகத்தையே பாத்துட்டு நின்னுட்டேன்.

அந்தப் பொண்ணு இந்த மண்ணோட பூர்வகுடி, இங்க நேட்டிவ் அமெரிக்கன்னு சொல்வாங்க. அவங்க குடும்பம் ஸ்பிரிட் லேக்குங்கற பழங்குடிய சேந்தது, இங்கேர்ந்து கார்ல ஒரு மூணு மணி நேரம் வடமேற்க போகணும். அம்மா அப்பாவோட இங்க ஃபார்கோல ஒரு அபார்ட்மென்ட்ல இருந்துச்சு. மேல் மாடில இருந்த பொம்பள, ஒரு டிரஸ் தைக்கறேன், கொஞ்சம் போட்டு அளவு காட்டு, 20 டாலர் தரேன்னு கூப்பிட்டிருக்கா. பட்டப்பகல்ல, சொந்த பில்டிங்ல, மாடிப்படி ஏறிப் போன பொண்ணு திரும்பி வரல.

அவங்க அம்மா ஒரு நாள் பாக்கலாம்னு உக்காரல. அன்னைக்கே போலீஸ்ல சொல்லிட்டாங்க. 24 மணி நேரம் ஆனாதான் கம்ப்ளெயின்ட் எடுப்பாங்கன்னு நாம நெனச்சிட்டு இருக்கோம்ல, அப்படி எந்த ரூலும் இங்க இல்ல, சந்தேகம் வந்த நிமிஷமே சொல்லலாம். எட்டு மாச வயித்தோட இருக்கற பொண்ணு, கார் வீட்டு வாசல்லயே நிக்குது, அது எங்க போகும்னு அந்தம்மா கேட்ட கேள்விதான் அந்த வாரம் முழுக்க ஊர்ல எல்லாரும் கேட்டது. போலீஸ் அந்த மேல் வீட்டுக்குள்ள ஒண்ணுக்கு மேல தடவ போய் பாத்தாங்க, ஒண்ணும் கெடைக்கல. எங்க கிளாஸ்ல ரெண்டு பசங்க, பேர் வேணாம், நம்ம ஊர்க்காரங்கதான், "எவனோடயாவது போயிருப்பா"ன்னு பேசிட்டு இருந்தானுங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. எட்டு மாசத்துல நடக்கறதே எவ்ளோ கஷ்டம்னு இப்ப ஏழு மாசத்துலயே தெரியுது எனக்கு. அன்னைக்கு அவனுங்கள நல்லா கேட்டிருக்கணும், புது எடம்னு பயந்து வாய மூடிட்டு இருந்தேன், அது இன்னும் மனசுல உறுத்துது.

24ம் தேதி வியாழக்கிழமை வாரண்ட்டோட போனப்பதான் அந்த மேல் வீட்டுல ஒரு பச்ச குழந்தை கெடைச்சுது. உயிரோட, நல்லபடியா. அம்மா மட்டும் இல்ல. அக்கா, அதுக்கு என்ன அர்த்தம்னு நான் எழுத மாட்டேன், நீயே புரிஞ்சுக்கோ. அந்தப் பொம்பளையையும் அவகூட இருந்த ஆளையும் அரெஸ்ட் பண்ணாங்க. ஆனா அந்தப் பொண்ணு எங்கங்கறது தெரியல, தேடறது நிக்கல. சொல்லப்போனா அதுக்கப்புறம்தான் கூட்டம் ஜாஸ்தியாச்சு.

சனிக்கிழமை நானும் போனேன். ரூம் மேட் போகாதன்னா, ஸ்டூடன்ட் விசால இருக்கோம், எதுக்கு போலீஸ் விஷயம்னா. கேக்கல. ஒரு பார்க்கிங் லாட்ல டேபிள் போட்டு, பேரு ஃபோன் நம்பர் எழுதி வாங்கிட்டு, பத்து பத்து பேரா பிரிச்சு விட்டாங்க. பெரும்பாலும் அவங்க சொந்தக்காரங்க, ரிசர்வேஷன்லேர்ந்து, அதாவது பழங்குடிங்களுக்குன்னு ஒதுக்கின நிலத்துலேர்ந்து, விடியக்காத்தால கெளம்பி வந்தவங்க, அப்புறம் இந்த ஊர் வெள்ளக்காரங்க, ஒரு சோமாலி அம்மா பையனோட வந்திருந்தாங்க, பக்கத்து ஸ்டேட்ல இருக்கற மூர்ஹெட் ஊர்லேர்ந்து வந்தவங்க, ரெண்டு ஊருக்கும் நடுவுல ஆறுதான். கைய நீட்டினா பக்கத்து ஆள் கை படற தூரத்துல வரிசையா நிக்கணும், மெதுவா நடக்கணும், எதப் பாத்தாலும் தொடக்கூடாது, நின்ன எடத்துலேர்ந்து கத்தணும், அவ்ளோதான் ட்ரெயினிங். ஆகஸ்ட்ல சோளம் ஆள் ஒசரத்துக்கு மேல நிக்கும், உள்ள போனா வானம் மட்டும்தான் தெரியும். சோயா வயலு, ரோட்டோர பள்ளம், பாழடைஞ்ச கொட்டகை எல்லாம் பாத்தோம். கொசுவும் உண்ணியும் பிடுங்கி எடுத்துடுச்சு. யாரும் அதிகம் பேசல. ஒவ்வொரு தடவயும் எவனாவது நின்னா எனக்கு வயிறு கலங்கும், அது ஒரு பழைய துணியாவோ பிளாஸ்டிக் பையாவோ இருக்கும், திரும்ப நடப்போம்.

எனக்கு எடது பக்கம் ஒரு வயசான அம்மா நடந்தாங்க, அவங்களும் நேட்டிவ்தான். முட்டி வலியோட தாங்கித் தாங்கி நடந்தாங்க. எங்கேர்ந்து வந்திருக்கன்னு கேட்டாங்க, இந்தியான்னேன். ஓ நீ அந்த இந்தியனான்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்களுக்கு அந்தப் பொண்ண தெரியுமான்னு கேட்டேன். தெரியாது, ஆனா என் அக்கா பொண்ணு ஒருத்தி காணாம போனா, அப்ப தேடறதுக்கு நாங்க ஏழு பேர்தான் இருந்தோம்னு சொன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. எப்ப, கெடைச்சாளா, எதுவும் நான் கேக்கல.

ஆத்தங்கரைலயும் தேடினோம். இந்த ரெட் ரிவர் ஒரு விசித்திரமான ஆறு, தெற்கேர்ந்து வடக்க ஓடி கனடாவுக்குள்ள போகும். வடக்க ஐஸ் உருகறதுக்கு முன்னாடி தெற்க உருகிடும், அதனால வசந்த காலத்துல வெள்ளம் வரும். 2009ல 40 அடிக்கு மேல தண்ணி ஏறினப்ப ஊரே சேந்து ராவும் பகலும் மணல் மூட்டை கட்டி ஊர காப்பாத்திச்சாம். அன்னைக்கு மூட்டை தூக்கினவங்கதான் இன்னைக்கு இங்க நடக்கறாங்கன்னு எங்க குரூப்ப கூட்டிட்டுப் போனவர் சொன்னாரு. இந்த ஊர்ல யாரும் யார்கூடயும் பேச மாட்டாங்க, கதவ மூடிட்டு இருப்பாங்கன்னு ரெண்டு வாரமா நெனச்சிட்டு இருந்தேன் நான்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஆத்துல கயாக்குங்கற சின்ன துடுப்புப் படகு ஓட்டிட்டுப் போனவங்க கண்ணுல பட்டுது. அந்தப் பொண்ணுதான். தேடின எங்க யாருக்கும் கெடைக்கல.

அப்புறம் மெழுகுவத்தி ஏத்திட்டு ஜனங்க நடந்தாங்க, நானும் போனேன். சேஜ்னு ஒரு எல, காய வச்சு கட்டி கொளுத்துவாங்க, அந்தப் புகைய ஒவ்வொருத்தர் மேலயும் காட்டினாங்க. பெரிய ட்ரம் ஒண்ண சுத்தி உக்காந்து அஞ்சாறு பேர் அடிச்சு பாடினாங்க, வார்த்தை ஒண்ணும் புரியல, ஆனா ஒப்பாரிக்கு மொழி வேணுமா என்ன, நானும் அழுதேன். அந்த முட்டி வலி அம்மா கூட்டத்துல என்னைக் கண்டுபிடிச்சு பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாங்க.

குழந்தைய அப்புறம் அவங்க அப்பாகிட்ட குடுத்துட்டாங்க. இந்த ஆகஸ்ட்ல மூணு வயசு ஆயிருக்கும். அந்த ரெண்டு பேரும் ஜெயில்ல இருக்காங்க.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் யார் கதவ தட்டினாலும் நான் தெறக்க மாட்டேன். லிஃப்ட்ல யாராவது சிரிச்சாகூட பயம். கூப்பிட்டது ஒரு பக்கத்து வீட்டுக்காரிதானே, அது மனசுலேர்ந்து போகவே இல்ல. அந்த முட்டி வலி அம்மாதான் வாரம் ஒரு தடவ ஃபோன் பண்ணி பேசிப் பேசி என்னை வெளிய இழுத்தாங்க. பயப்படறது தப்பில்ல, ஆனா எங்க போறன்னு ஒருத்தருக்காவது சொல்லிட்டுப் போ, மாடிக்குப் போனாலும் சரின்னாங்க. இப்பவும் அதத்தான் செய்யறேன்.

ஏன் இப்ப இதெல்லாம் எழுதறேன்னா, இந்த மாசம் 10ம் தேதி அந்தப் பொண்ணு பேர்லயே ஒரு சட்டம் கையெழுத்தாச்சு அக்கா. சவானா சட்டம்னு பேரு. இங்க செனட்டரா இருந்த ஹெய்டி ஹெய்ட்கேம்ப் 2017 அக்டோபர்லயே கொண்டு வந்தாங்க, செனட்ல பாஸ் ஆச்சு, ஹவுஸ்ல, அதாவது கீழ் சபைல, நின்னு போச்சு, அவங்களும் எலக்‌ஷன்ல தோத்துட்டாங்க. அதோட போச்சுன்னு நெனச்சோம். அப்புறம் வேற ரெண்டு செனட்டருங்க, அதுவும் வேற வேற கட்சி, திரும்ப எடுத்து முடிச்சிருக்காங்க. மூணு வருஷம்.

நீ ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பாக்கறவ, உனக்கு இது சட்டுனு புரியும். 2016ல மட்டும் நேட்டிவ் பொண்ணுங்க காணோம்னு பதிவான புகார் 5,712. நாடு முழுக்க காணாம போனவங்கள தேடறதுக்குன்னு ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் வச்சிருக்கற லிஸ்ட்ல ஏறினது எத்தன தெரியுமா, 116. சியாட்டில்ல இருக்கற ஒரு நேட்டிவ் ஹெல்த் இன்ஸ்டிடியூட் 2018ல போட்ட ரிப்போர்ட்ல இருக்கற கணக்கு இது. ஒரு எடத்துல எழுதினா இன்னொரு எடத்துல எழுத மாட்டாங்க, ரிசர்வேஷனுக்குள்ளன்னா ஒரு போலீஸ், வெளியன்னா வேற போலீஸ், எந்த இனம்னு போடற கட்டத்துல தப்பா போட்டுடுவாங்க, இல்ல காலியா விட்டுடுவாங்க. இப்ப இந்த சட்டம் வந்து, எப்படி பதியணும், யார் யாருக்கு உடனே தகவல் சொல்லணும், எப்படி சேந்து தேடணும்னு வழிமுறை எழுதி வைக்க சொல்லுது. அந்த முட்டி வலி அம்மாவுக்கு ஃபோன் பண்ணி சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், "எங்க பொண்ணு பேர எழுதினாங்களான்னு போய் கேக்கணும்"னாங்க. கோவிட் கொறைஞ்சதும் நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

அம்மா கேக்கறாங்களே, யாரு இருக்கான்னு. அவங்கதான் இருக்காங்க. என் செக்கப் தேதி எல்லாம் அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் வரும், நான் எடுக்கலன்னா அவருக்குப் போகும், அவரும் எடுக்கலன்னா கெளம்பி வந்துடுவாங்க. போன மாசம் ஒரு நாள் நான் தூங்கிட்டேன், கண் முழிச்சா வாசல்ல மாஸ்க் போட்டுக்கிட்டு கைத்தடியோட நிக்கறாங்க. திட்டவே இல்ல, வயித்த பாத்துட்டு சரின்னு போயிட்டாங்க. கீழ் வீட்டுக்காரங்க, எதிர் வீட்டு நர்ஸ் எல்லார் பேரும் நம்பரும் இப்ப எங்கிட்ட இருக்கு, மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் பேர்கூட தெரியாது.

இது கூடவே தனி பேப்பர்ல நாலு நம்பர் எழுதி வச்சிருக்கேன். மொதல்ல இருக்கறது அவங்களோடது. உன் ஃபோன்லயும் போட்டுக்கோ, பீரோ கதவு உள்பக்கமும் ஒட்டிடு. அம்மா கேட்டா ஹாஸ்பிடல் நம்பர்னு சொல்லிக்கோ. அங்க உனக்கு காலைல ஏழு மணிக்கு நான் மெசேஜ் போடுவேன், தெனம். ஒரு நாள் வரலன்னா டைம் வித்தியாசம், தூங்கிட்டிருப்பா, தொந்தரவு பண்ண வேணாம்னு யோசிச்சிட்டு இருக்காத, உடனே அவங்களுக்கு ஃபோன் பண்ணிடு. உன் இங்கிலீஷ் பத்தி கவலப்படாத, என் பேர் மட்டும் சொல்லு, போதும், அவங்களுக்குப் புரிஞ்சிடும். ஒரு தடவ சும்மா பேசிப் பாரேன், உன்ன பத்தி நிறைய சொல்லியிருக்கேன்.

உன் தங்கச்சி